15 முடிந்த பிட்சர்: பளு தூக்க ஆரம்பிக்கலாமா? எதிலிருந்து?

கொடிவேரிப்பையன் (கோபி பக்கம்) | மே 4, இரவு 9.10

வணக்கமுங்க. எனக்கு 15 முடிந்து 16 நடக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்குப் போகிறேன். இரண்டு வருடமாகப் பள்ளி அணியில் பேஸ்பால் ஆடுகிறேன், பிட்சர், அதாவது அடிப்பவருக்குப் பந்து எறிபவன். நான் பந்து போடாத நேரத்தில், அடிப்பவருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சராக உட்காருவதும் நான்தான். உயரம் 171 சென்டிமீட்டர், எடை 52 கிலோ.

போன வருடம் மாவட்டப் போட்டியில் மூன்று இன்னிங்ஸ் வரை என் பந்தை யாராலும் சரியாகத் தொட முடியவில்லை. நான்காவதில் கை கனத்துவிட்டது. பந்து மிதந்து போனது, அடித்துத் தள்ளிவிட்டார்கள். "உடம்புல வலு பத்தல, ஏத்து" என்று சார் சொன்னார். எப்படி ஏற்றுவது என்று கேட்க அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

லீவு விட்டதும் டவுனில் ஒரு ஜிம்முக்குப் போனேன். முதல் நாளே பெஞ்சில் படுக்கவைத்து 30 கிலோ பாரைக் கையில் கொடுத்தார்கள். ஆறாவது தடவையில் வலது தோள் நடுங்கியது. மறுநாளும் நெஞ்சு, பைசெப்ஸ் மட்டும்தான். காலுக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, "பந்து போடறது கையிலதானே" என்றார்கள். கிளம்பும்போது 3,000 ரூபாய்க்கு ஒரு பவுடர் டப்பாவைக் காட்டினார்கள். வீட்டில் மஞ்சள் இன்னும் விற்காமல் கிடக்கிறது. அப்பாவிடம் அதைக் கேட்க எனக்கு மனசில்லை.

அப்புச்சியோ, "வளர்ற வயசுல பாரம் தூக்குனா வளத்தி நின்னு போயிரும் சாமி" என்று ஒரே பிடியாக நிற்கிறார். எனக்கு இன்னும் ஐந்து சென்டிமீட்டராவது வளர ஆசை. யார் சொல்வது சரிங்க?

தறிச்சத்தம் (சென்னிமலை) | மே 4, இரவு 9.48

பெரியவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. டிவியில் பளு தூக்கும் வீரர்களைப் பாருங்கள், முக்கால்வாசிப் பேர் குள்ளம். 18 ஆகட்டும், அவசரம் வேண்டாம் தம்பி.

எலும்புக்கணக்கு (கோவை) | மே 4, இரவு 11.20

நான் பிசியோதெரபிஸ்ட். பள்ளிப் பிள்ளைகளின் தோள், முழங்கை, முட்டி ஆகியவற்றோடுதான் என் பொழுது போகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அப்புச்சியின் பயத்துக்கு ஒரு வேர் உண்டு. வளரும் பிள்ளைகளின் எலும்பு நுனிகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டு இருக்கிறது. எலும்பு நீள்வது அங்கேதான். முதிர்ந்த எலும்பை விட அது மென்மையானது. ஆளில்லாத இடத்தில், தன் சக்திக்கு மீறின எடையைத் தூக்கிக் கீழே போட்டோ, முறை தெரியாமல் முறுக்கியோ அடிபட்ட பிள்ளைகளின் கதைகளிலிருந்துதான் "வளத்தி நிற்கும்" என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. ஒழுங்காகக் கற்று, பக்கத்தில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, படிப்படியாக ஏற்றும் பயிற்சியால் வளர்ச்சி நிற்பதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2020இல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. சாதாரணமாகத் திண்ணையிலிருந்து குதிக்கும்போது முட்டியில் விழும் விசை, கையில் பத்துக் கிலோ பிடித்து மெதுவாக உட்கார்ந்து எழுவதை விட அதிகம். பிள்ளைகளைக் குதிக்க வேண்டாமென்று யாரும் சொல்வதில்லை.

தறிச்சத்தம் அண்ணா, பளு தூக்கியதால் அவர்கள் குள்ளமாகவில்லை. கை கால் நீளம் குறைந்தவர்களுக்கு எடையை மேலே கொண்டுபோகும் தூரம் குறைவு. அதனால் அந்த விளையாட்டு அவர்களுக்கு ஒத்துவருகிறது. கூடைப்பந்து ஆடியதால் யாரும் உயரமாவதில்லை, உயரமானவர்கள் அதற்குப் போகிறார்கள். இதுவும் அப்படித்தான்.

இப்போது தம்பிக்கு. எடை பிறகு. முதலில் அசைவுகள். உட்கார்ந்து எழுவது, அதாவது பஸ்கி. குதிகால் தரையை விட்டுக் கிளம்பாமல், முட்டி உள்ளே மடங்காமல். அடுத்தது இடுப்பில் மடிவது: முதுகை நேராக வைத்து, புட்டத்தைப் பின்னால் தள்ளிக் குனிவது. மூட்டை தூக்கிப் பழகியவர்கள் இதை இயல்பாகச் செய்வார்கள், புத்தகப் பை மட்டும் தூக்கிய பிள்ளைகளுக்கு இது வரவே வராது. பிறகு தண்டால். பிறகு இழுப்பது: உங்கள் பள்ளி மைதானத்தில் கம்பி இருக்குமே, தாழ்வான கம்பியைப் பிடித்து, உடம்பைப் பலகை போல நேராக வைத்து, நெஞ்சைக் கம்பிக்குக் கொண்டுபோவது. கடைசியாக ஒற்றைக் காலில் நிற்பதும் இறங்குவதும். பிட்சருக்கு இதுதான் உயிர். நீங்கள் போடும் ஒவ்வொரு பந்தும் ஒரு காலில் நின்று இன்னொரு காலில் இறங்குவதுதான்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் வைக்கும் கணக்கு இது: பிசகில்லாத பஸ்கி 20, இடுப்பு தொங்காத தண்டால் 10, பிளாங்க் (முன்கையையும் கால்விரலையும் ஊன்றி உடம்பைப் பலகை போல நிறுத்துவது) 45 விநாடி, ஒவ்வொரு காலிலும் ஆடாமல் 30 விநாடி. இவ்வளவும் வந்தால்தான் கையில் எடை கொடுப்பேன். வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நடுவில் ஒரு நாள் இடைவெளி விட்டு.

ஒன்று கேட்க வேண்டும். கையில் எங்காவது வலி இருக்கிறதா? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

கொடிவேரிப்பையன் | மே 5, காலை 6.35

ரொம்ப நன்றிங்க. காலையில் எழுந்ததும் செய்து பார்த்தேன். பஸ்கி 20 வந்தது, ஆனால் 12க்கு மேல் குதிகால் கிளம்புகிறது என்று தங்கச்சி பார்த்துச் சொன்னாள். தண்டால் ஆறு. ஒற்றைக் காலில் இடது பக்கம் 11 விநாடிதான். பந்து போடும்போது நான் இறங்குவது இடது காலில்தான்.

வலி என்று பெரிதாக இல்லைங்க. மேட்ச் போட்ட மறுநாள் வலது முழங்கையின் உள்பக்கம், அந்த எலும்பு முண்டு மேல் தொட்டால் வலிக்கும். இரண்டு மூன்று நாளில் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடினால் மறுபடி வரும்.

எலும்புக்கணக்கு | மே 5, காலை 7.02

எந்தக் கிரிக்கெட்?

கொடிவேரிப்பையன் | மே 5, காலை 7.15

ஊர் அணிங்க. டென்னிஸ் பந்து டோர்னமென்ட். ஞாயிறு முழுக்க நடக்கும், மூன்று மேட்ச் கூட வரும். நான்தான் ஓப்பனிங் பவுலர். கவரிலிருந்து எறிவதும் நான்தான், என் எறி நேராக ஸ்டம்புக்குப் போகும்.

கரூரான் (ஒஹாயோ) | மே 5, காலை 8.50

தம்பி, உங்கள் கடைசிப் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் மகனும் பிட்சர், அவனுக்கும் 15. இங்கே அவன் பள்ளியில் முதல் நாள் சொல்லிக்கொடுத்தது எடையையும் அல்ல, வளைந்து போகும் பந்தையும் அல்ல. எண்ணிக்கை.

இங்கே பேஸ்பாலின் உச்சப் போட்டியான மேஜர் லீக் நிர்வாகமும் யுஎஸ்ஏ பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014இல் வயதுவாரியாக ஒரு வரம்பு வகுத்தன. 'பிட்ச் ஸ்மார்ட்' என்று பெயர். 15, 16 வயதுக்கு ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 30 வரை போட்டால் மறுநாளே போடலாம். 31 முதல் 45 என்றால் ஒரு நாள் ஓய்வு, 46 முதல் 60க்கு இரண்டு நாள், 61 முதல் 75க்கு மூன்று நாள், 76ஐத் தொட்டால் நான்கு நாள். ஒரே ஆட்டத்தில் பிட்சராகவும் கேட்சராகவும் இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு, ஏனென்றால் பிட்சருக்கு அடுத்தபடி அதிகம் எறிவது கேட்சர்தான். வருடத்தில் நான்கு மாதமாவது எறியாமல் இருக்க வேண்டும், அதில் இரண்டு மூன்று மாதம் தொடர்ச்சியாக.

இதெல்லாம் ஏன் என்றால், 481 இளம் பிட்சர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு உண்டு, 2011இல் வெளிவந்தது. வருடத்தில் 100 இன்னிங்ஸுக்கு மேல் போட்டவர்களுக்குப் பெரிய காயம் வரும் வாய்ப்பு மற்றவர்களை விட மூன்றரை மடங்கு. முழங்கை உள்பக்கத் தசைநார் அறுந்தால் செய்யும் அறுவை சிகிச்சைக்கு டாமி ஜான் என்று ஒரு பிட்சரின் பெயரே நிலைத்துவிட்டது. 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அவருக்குத்தான் முதலில் செய்தார். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கே அதைச் செய்கிறார்கள். அந்த அளவுக்கு நீங்கள் போக வேண்டாம்.

உங்களை ஜிம்முக்குப் போகாதே என்று வீட்டில் தடுக்கிறார்கள். ஞாயிறு முழுக்க எறிவதை யாரும் தடுக்கவில்லை. எனக்கு அதுதான் கவலை.

தறிச்சத்தம் | மே 5, காலை 10.30

ஐயா, நம் சின்னப்பம்பட்டி நடராஜன் டென்னிஸ் பந்தில் ஆடித்தானே இந்திய அணிக்குப் போனார்? எண்ணிக்கொண்டா போட்டிருப்பார்? வசதி இருக்கிற நாட்டுக்காரர்கள் எண்ணலாம். நம் பிள்ளைகள் கிடைக்கிற மேட்சில் ஆடினால்தான் நாலு பேர் கண்ணில் படுவார்கள்.

விசில்மாஸ்டர் (ஈரோடு மாவட்டம்) | மே 5, மதியம் 1.15

உடற்கல்வி ஆசிரியர். சாப்ட்பாலும் பேஸ்பாலும் இருபது வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நடராஜன் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் முதல் ரஞ்சி ஆட்டம் ஆடிய பிறகு பந்து வீசும் முறையில் சந்தேகம் எழுந்தது. அவர் ஆட்டத்தை விட்டு ஒதுங்கி, முறையைத் திருத்திக்கொண்டு திரும்ப வந்தார். கிடைக்கிற மேட்சை விட்டுவிட்டுப் பயிற்சிக்குத் திரும்பும் பொறுமை அவரிடம் இருந்தது. நான் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வது அந்தக் காலத்தைத்தான்.

ஆனால் தறிச்சத்தம் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். எங்கள் போட்டிகள் ஒரே நாளில் முடியும். காலையில் ஒரு ஆட்டம், மதியம் அரையிறுதி, பொழுது சாய்வதற்குள் இறுதி. ஓர் அணிக்கு நல்ல பிட்சர் ஒருவன்தான் தேறுவான். 95 என்ற வரம்பெல்லாம் மதியத்துக்குள் தாண்டிவிடும். நானே தாண்டவிட்டிருக்கிறேன். ஒரு பையன் பன்னிரண்டாம் வகுப்போடு கையைத் தூக்க முடியாமல் ஆட்டத்தை விட்டான். அவனை இப்போதும் பேருந்து நிலையத்தில் பார்ப்பேன், வணக்கம் சொல்வான். எனக்குத்தான் அவன் தோளைப் பார்க்க முடிவதில்லை.

தம்பி, உன் சார் "ஏத்து" என்று சொன்னதோடு நின்றிருக்கக் கூடாது. எதை, எப்படி என்று அவரிடம் போய்க் கேள். கோபித்துக்கொள்ள மாட்டார். அதுவரைக்கும் காலுக்கு ஓட்டம் போதும், தினமும் காலை மைதானத்தைச் சுற்றி 20 ரவுண்டு ஓடு.

எலும்புக்கணக்கு | மே 5, மதியம் 2.40

மாஸ்டர், அந்தப் பையனைப் பற்றி நீங்கள் இங்கே எழுதியது பெரிய விஷயம். ஆனால் 20 ரவுண்டு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. ஒரு பந்து போட எடுக்கும் நேரம் இரண்டு விநாடிக்குள். அப்புறம் 15, 20 விநாடி சும்மா நிற்கிறான். மெதுவாக நீண்ட நேரம் ஓடினால் மெதுவாக ஓடும் திறன்தான் வளரும். 52 கிலோ பையனுக்கு அதில் கரையும் சோறும் சேர்ந்து நஷ்டம். 20, 30 மீட்டர் முழு வேகத்தில் ஓடி, நடந்து திரும்பி வந்து, மறுபடி ஓடட்டும். எட்டுத் தடவை போதும்.

விசில்மாஸ்டர் | மே 5, மதியம் 3.05

ஓட்டம் மனசுக்கு உறுதி தரும். ஏழாவது இன்னிங்ஸில் நிற்க வைப்பது அந்த உறுதிதான். நான் ஓடித்தான் வளர்ந்தேன்.

எலும்புக்கணக்கு | மே 5, மதியம் 3.30

மனசுக்கு உறுதி தரும், ஒப்புக்கொள்கிறேன். வாரம் ஒரு நாள் வைத்துக்கொள்ளட்டும். வலுவுக்கு அதை நம்ப வேண்டாம்.

தம்பி, முழங்கை உள்பக்க முண்டில் தொட்டால் வலி என்றால் அதை அப்படியே விடக் கூடாது. தசைநார்களும் முன்கைத் தசைகளும் அந்த முண்டில்தான் ஒட்டியிருக்கின்றன. ஒவ்வொரு எறியிலும் அந்த இடம் இழுபடும். உங்கள் வயதில் பலருக்கு அங்கே வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. தசைநாரை விட அந்தத் தட்டு பலவீனமாக இருப்பதால் முதலில் கெடுவது அதுதான். எலும்பு மருத்துவரிடம் போய் ஒரு எக்ஸ்ரே எடுங்கள். அவர் சொல்லும் வரை பேஸ்பால், கிரிக்கெட், மாங்காய்க்குக் கல் எறிவது, எதுவும் கூடாது.

நூலம்மா (திருப்பூர்) | மே 5, இரவு 8.20

நடுவில் வருகிறேன், மன்னிக்கணும். என் மகளுக்கு 13, சாப்ட்பால் ஆடுகிறாள். நான் பனியன் கம்பெனியில் டெய்லர், இரவில்தான் போன் பார்க்க நேரம். இந்தப் பயிற்சியெல்லாம் பெண் பிள்ளைகளுக்கும் பொருந்துமா? உடம்பு ஆண்பிள்ளை மாதிரி முறுக்கேறிவிடும் என்று எங்கள் தெருவில் சொல்கிறார்கள். அவளுக்கு ரொம்ப ஆசை.

எலும்புக்கணக்கு | மே 5, இரவு 8.55

தாராளமாகச் செய்யலாம் அக்கா. ஆண்பிள்ளைகளுக்குத் தசை பருப்பது அந்த வயதில் ஊறும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனால். பெண்களுக்கு அது மிகக் குறைவு, அதனால் பயப்படும்படி எதுவும் முறுக்கேறாது. குதித்து இறங்கும்போது முட்டி உள்ளே மடங்கித் தசைநார் கிழிவது பெண் பிள்ளைகளிடம் கூடுதல். பஸ்கியும் ஒற்றைக்கால் பயிற்சியும் அதற்குக் காவல். களைப்பாக இருக்கிறாள், மூச்சு வாங்குகிறது என்றால் மட்டும் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்த்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் தொடங்கிய வயதில் இரும்புச்சத்து குறைவது சகஜம்.

இரும்புக்கை (சேலம்) | மே 5, இரவு 10.10

நான் ஜிம் பயிற்சியாளர். முதல் நாளே பெஞ்சில் படுக்கவைத்து பவுடர் விற்றவரை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. எல்லா ஜிம்மும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

பெஞ்ச் பிரஸ் கெட்டதல்ல, ஆனால் எறிகிறவனுக்கு அது முதல் வேலை இல்லை. பந்தை விடும் வரை உடம்பு முடுக்குகிறது. விட்ட பிறகு அந்தக் கையை நிறுத்துவது தோளின் பின்பக்கத் தசைகளும் முதுகும். நெஞ்சை மட்டும் ஏற்றினால், வண்டிக்குப் பெரிய இன்ஜினை வைத்துவிட்டுப் பழைய பிரேக்கையே விட்ட மாதிரி. அதனால் ஒரு தடவை தள்ளினால் இரண்டு தடவை இழுக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

வீட்டிலேயே தொடங்கலாம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வேப்பமரத்தில் கட்டினால் அதுவே இழுத்துப் பழகும் பேண்டு. முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் திருப்பி இழுப்பது 15 தடவை. இரண்டு கையாலும் முகத்தை நோக்கி இழுப்பது 15. எடைக்குத் தண்ணீர் கேன் இருக்கிறது. 20 லிட்டர் கேனில் ஐந்து லிட்டர் ஊற்றினால் ஐந்து கிலோ. அதை நெஞ்சோடு அணைத்துப் பஸ்கி எடுக்கலாம். 8 முதல் 12 தடவை, இரண்டு சுற்று. கடைசித் தடவையும் முதல் தடவை மாதிரியே அழகாக வந்தால், அடுத்த வாரம் அரை லிட்டர் கூட்டு. அழகு குலைந்தால் கூட்டாதே. ஓட்டையான பழைய கூடைப்பந்தில் மணல் போட்டுத் தைத்தால் இரண்டு கிலோப் பந்து. சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, இடுப்பைத் திருப்பி எறியலாம். முழங்கை ஆறிய பிறகு அதைச் செய்யலாம், இப்போது வேண்டாம்.

பவுடர் பற்றி: தேவையில்லை. தசை வலுவுக்கென்று விற்கும் கிரியேட்டினை 18 வயதுக்குக் கீழே தவிர்க்கச் சொல்கிறார்கள் குழந்தை மருத்துவர்கள். டப்பாவில் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் எப்போதும் பொருத்தம் இருப்பதில்லை. தசை ஏற்ற ஊசி என்று யாராவது காதில் ஓதினால் அந்த இடத்தை விட்டு அன்றைக்கே வெளியே வந்துவிடு.

கம்மங்கூழ் (காங்கேயம்) | மே 6, காலை 5.50

தோட்டத்துக்காரன். பேஸ்பால் நான் பார்த்ததில்லை. ஆனால் பையன் "பந்து போடறது கையிலதானே" என்று ஜிம்மில் கேட்க நேர்ந்த வார்த்தையைப் படித்தபோது எங்கள் கிணறு ஞாபகம் வந்தது. கடைசி வயலில் தண்ணீர் வேகமாகப் பீய்ச்சவில்லை என்றால் நாங்கள் குழாய் முனையைத் திருகிக்கொண்டிருக்க மாட்டோம். மோட்டாரைப் பார்ப்போம், நடுவில் எந்த இணைப்பு ஒழுகுகிறது என்று பார்ப்போம். காலும் இடுப்பும் மோட்டார் என்றால் வயிறும் முதுகும் குழாய், கை முனை மட்டும்தானே? முனையை மட்டும் இறுக்கினால் வெடிப்பது முனைதான்.

சாப்பாட்டுக்கு 3,000 ரூபாய் எதற்குங்க? நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம் புரதம், தினம் மூன்று. நிலக்கடலை 100 கிராமில் 25 கிராம், கொள்ளு 100 கிராமில் 22. காலையில் ராகிக் களியோ கம்பங்கூழோ தயிர் விட்டு, மத்தியானம் கொள்ளுப் பருப்பு, பொழுதோடு கடலையும் கருப்பட்டியும், ராத்திரி அரிசியும் பருப்புஞ் சாதத்தில் நெய் விட்டு, படுக்கும்போது பால். எங்கள் பையன்கள் இதில்தான் வளர்ந்தார்கள். நேரத்தோடு தூங்கவும் வேண்டும்.

எலும்புக்கணக்கு | மே 6, காலை 7.25

அண்ணா, நான் வகுப்பில் படம் போட்டு அரை மணி நேரம் சொல்வதை நீங்கள் நாலு வரியில் சொல்லிவிட்டீர்கள். இனிமேல் பிள்ளைகளிடம் உங்கள் கிணற்றைத்தான் சொல்லப் போகிறேன்.

தூக்கம் பற்றிச் சொன்னதும் முக்கியம். இந்த வயதுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரம்.

கரூரான் (ஒஹாயோ) | மே 6, காலை 8.15

2008இல் ரிங்கு சிங், தினேஷ் படேல் என்று இரண்டு பேர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியோடு ஒப்பந்தம் போட்டார்கள் (கிரிக்கெட் ரிங்கு சிங் வேறு). பேஸ்பாலுக்கு வரும் முன் இருவரும் ஈட்டி எறிந்தவர்கள். ஈட்டிக்காரர்களின் கால், இடுப்பு, முதுகுப் பயிற்சியைப் பார்த்தவர்களுக்கு அது ஆச்சரியமாக இருக்காது. கிணற்றுக் கதையைப் படித்ததும் அவர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

கொடிவேரிப்பையன் | மே 11, இரவு 8.40

ஈரோட்டில் டாக்டரைப் பார்த்தோம். அப்பாவும் அப்புச்சியும் கூட வந்தார்கள். எக்ஸ்ரேவில் இரண்டு முழங்கையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வலது பக்கம் அந்த முண்டுக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் கோடு இடது பக்கத்தை விட அகலமாக இருக்கிறது. பிய்ந்து வரவில்லை. ஆறு வாரம் எதையும் எறியக் கூடாது என்றார். கால், இடுப்பு, வயிற்றுக்குப் பயிற்சி செய்யலாமா என்று கேட்டேன். "கட்டாயம் செய், கைக்குப் பிறகு சொல்கிறேன்" என்றார். அப்புச்சி நேராகவே கேட்டார், "வளத்தி நிக்காதுங்களா?" டாக்டர் எக்ஸ்ரேவைக் கையில் கொடுத்து, "இது பாரம் தூக்கி வந்ததல்லங்க, எறிஞ்சு எறிஞ்சு வந்தது" என்றார். பஸ்ஸில் வரும்போது அப்புச்சி ஒன்றும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கேப்டன் அண்ணனிடம் சொன்னேன். கோபம்தான். பைனலுக்கு நீ இல்லாமல் எப்படி என்றார். அழுகை வந்துவிட்டது.

விசில்மாஸ்டர் | மே 11, இரவு 9.15

அழுதால் ஒன்றும் தப்பில்லை கண்ணு. மேட்ச் அடுத்த ஞாயிறும் வரும். உன் கேப்டனிடம் அந்த எக்ஸ்ரேவைக் காட்டு.

இரும்புக்கை | மே 12, காலை 6.00

ஆறு வாரத்தை வீணாக்காதே. திங்கள், புதன், வெள்ளி. பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கு, பஸ்கி, இடுப்பு மடக்கு, ஒற்றைக்காலில் திண்ணை ஏறி இறங்குவது, பிளாங்க். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடு. நோட்டில் எழுது.

கொடிவேரிப்பையன் | ஜூன் 30, இரவு 7.50

ஏழு வாரம் ஆகிவிட்டது. தொட்டால் வலி இல்லை. டாக்டர் மறுபடி பார்த்து, சிறிது சிறிதாக எறியத் தொடங்கலாம் என்றார்.

நோட்டில் இருப்பதை எழுதுகிறேன். கேனில் இப்போது 12 லிட்டர், 10 தடவை, இரண்டு சுற்று, குதிகால் கிளம்புவதில்லை. இடது காலில் 40 விநாடி. போன வாரம்தான் டாக்டர் தண்டாலுக்குச் சரி என்றார், 9 வருகிறது. எடை 54.5. உயரம் அளந்தோம், 172. கதவு நிலையில் கோடு போட்டது அப்புச்சி. கேனில் தண்ணீர் அளந்து ஊற்றுவதும் இப்போது அவர்தான். முதுகு வளைந்தால் கைத்தடியால் தட்டுவார்.

எத்தனை அடியிலிருந்து தொடங்கணுங்க?

எலும்புக்கணக்கு | ஜூன் 30, இரவு 8.30

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. 45 அடியிலிருந்து தொடங்குங்கள். 25 எறி, பாதி வேகம், ஒரு நாள் விட்டு ஒரு நாள். மறுநாள் வலி இல்லை என்றால்தான் எண்ணிக்கையைக் கூட்டுவது, அப்புறம்தான் 60 அடி. பிட்சர் நின்று எறியும் மேட்டில் ஏறி முழு வேகத்தில் போட இன்னும் பல வாரம் ஆகும். எறிகிற நாளில் முதலில் எறிந்துவிட்டுப் பிறகு எடை. களைத்த உடம்போடு எறியவே கூடாது. கேட்சர் வேலை இந்த வருடம் வேண்டாம். சாரிடம் நீங்களே சொல்லுங்கள்.

நூலம்மா | ஜூலை 1, இரவு 9.05

தம்பி, என் மகளும் கேன் வைத்துத்தான் செய்கிறாள். நாலு லிட்டர். உன் நோட்டைப் பார்த்து அவளும் ஒரு நோட்டு போட்டிருக்கிறாள்.

தறிச்சத்தம் | ஜூலை 1, இரவு 10.20

அன்றைக்கு 18 ஆகட்டும் என்று நான் எழுதினேன். அண்ணன் மகன் எங்கள் ஊர் அணியில் பவுலர், 14 வயது. முதுகு வலி என்று இரண்டு மாதமாகச் சொல்கிறான், நாங்கள் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறோம். இதற்கும் டாக்டரைப் பார்க்க வேண்டுமா?

எலும்புக்கணக்கு | ஜூலை 1, இரவு 10.32

இந்த வாரமே பாருங்கள் அண்ணா. வளரும் வயது வேகப் பந்து வீச்சாளர்களுக்கு இடுப்பு முதுகெலும்பில் மெல்லிய விரிசல் விழுவது உண்டு, சும்மா தேய்த்தால் போகாது. அதுவரை பந்து வீச வேண்டாம். எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

கொடிவேரிப்பையன் | ஆகஸ்ட் 30, மாலை 6.40

இன்று பயிற்சி மேட்ச். சாரிடம் மூன்று வாரம் முன்பே கரூரான் அண்ணா எழுதியதைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். இப்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனைப் பெஞ்சில் உட்காரவைத்துக் கையில் புளியங்கொட்டை கொடுத்திருக்கிறார். நான் ஒரு பந்து போட்டால் அவன் ஒரு கொட்டையை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றுவான். எங்கள் அணியில் இரண்டு பேர் புதிதாகப் பந்து போடப் பழகுகிறார்கள். இன்று மூன்றாவது இன்னிங்ஸ் முடிந்ததும் சார் கையைக் காட்டி என்னை வெளியே கூப்பிட்டார். கை கனக்கவே இல்லை, இன்னும் போட்டிருப்பேன்.

41 கொட்டை. நாளைக்கு ஓய்வு.